சைவ நாய்க்குட்டி

மாமா வீட்டில் நாயும் சைவம். கலியாணப் பேச்சு நடந்தபோதே தரகர் இதைச் சொல்லியிருந்தார். பெண் வீட்டுப் பெருமைகளில் இதுவும் ஒன்றாக்கும் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு நான் பிறகு பட்ட பாடு கொஞ்சமல்ல.

நான் நெடுந்தீவில் பிறந்தவன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் தவிர மற்ற நாளெல்லாம் அடுப்பில் மீன் சட்டி இருக்கும். பெண் எடுத்த இடம் வேலணைப் பக்கம். ஊர்காவற்றுறைத் துறைமுகத்திலிருந்து சில கட்டை தூரம். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பெரிய உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தகரப் பெட்டியும் ஒரு கறுப்புக் குடையுமாக நான் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். ஊர்காவற்றுறையில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் எனக்குக் கணக்குப்பிள்ளை வேலை. காலையில் மாட்டுவண்டியில் போய் மாலையில் திரும்பி வருவேன்.

கலியாணத்துக்கு முன் மாமா என்னிடம் நேரில் கேட்டது ஒரே கேள்விதான்.

"மச்சத்தை விட உம்மாலை ஏலுமோ?"

"ஓம், ஏலும்," என்றேன்.

விட்டேன். மீனையும் இறைச்சியையும் விட்டதில் பொய் இல்லை. முதல் மாதம் மீன்குழம்பு கனவில் வந்தது. கனவுக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் நான் விட்டுவிட்டேன் என்பதை அந்த ஊரில் நம்பியவர் மாமா ஒருவர்தான். மாமாவின் தமக்கையார், முறைக்கு எனக்குப் பெரியம்மா, அடுத்த வளவில் இருந்தார். நான் வேலையால் வரும் நேரம் பார்த்து வேலியோரம் வந்து நின்று கதை கொடுப்பார். கதைக்கிற ஆசையில் அல்ல, என்னில் மீன் மணக்கிறதா என்று மோந்து பார்க்கிற ஆசையில். "நெடுந்தீவாரெண்டால் சோத்தைத் தேட முதல் மீனைத்தான் தேடுவினம்," என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார். என் மனைவி அப்போது ஒன்றும் சொல்லமாட்டாள். நம்புகிறாளா இல்லையா என்று எனக்கும் தெரியாது. கேட்கவும் வெட்கம்.

மாமா அந்த ஊர்க் கோயிலின் மனேச்சர். புகையிலைத் தோட்டமும் பனங்காணியும் இருந்தன. மாமி செத்து வருடங்களாகிவிட்டன. எனக்கு முன்பு அந்த வீட்டில் ஒரு கிழ நாய் இருந்ததாம். பருப்பும் சோறும் தின்று வளர்ந்ததாம். மீன் முள்ளைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்ளுமாம். கோயிலில் பிரசங்கம் செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியவர்கள்கூட அதைப் பார்த்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனார்களாம். வேலிக்கு வெளியே போகும்போது அது என்ன தின்றது என்று பின்னால் போய்ப் பார்த்தவர் எவரும் இல்லை. எங்கள் கலியாணத்துக்குச் சற்று முன் அது செத்துப்போனது. அதைப் பற்றிக் கதைக்க வந்தால் மாமாவுக்குக் குரல் இறங்கிவிடும்.

ஒரு நாள் நான் வேலைக்குப் புறப்படும்போது மாமா படலையடிக்கு வந்தார்.

"தம்பி, துறைமுகப் பக்கம் நல்ல குட்டி ஒண்டு அம்பிட்டால் கொண்டு வாரும். கண் முழிச்ச கையோடை எடுத்தால்தான் எங்கடை வழிக்குப் பழக்கலாம்."

மாமனார் வாய் திறந்து கேட்ட முதல் காரியம். விடுவேனா? கிட்டங்கிக்குப் பின்னால் மீனவர்களின் வாடி ஒன்று இருந்தது. அங்கே கருவாடு காயப்போடும் ஓர் அக்காவின் நாய் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. கறுப்புக் குட்டி, கால் விரல்கள் மட்டும் வெள்ளை. "இன்னும் பால் மறக்கேல்லைத் தம்பி, கொஞ்ச நாள் பொறுங்கோ," என்று அக்கா சொன்னார். எனக்கு எங்கே பொறுமை? ஓலையால் இழைத்த உமலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வண்டியில் வரும் வழியில் குட்டி என் சால்வையில் சத்தி எடுத்தது. அக்கா காலையில் அதற்கு மீன் அவித்து ஊட்டியிருக்கிறார் என்பது அந்த நாற்றத்தில் தெரிந்தது. இறங்கி வளவுக்குள் வரும்போது பெரியம்மா வேலியோரம் நின்றார். மூக்கு ஒரு தரம் விரிந்தது.

"என்ன தம்பி மணக்குது?"

"நாய்க்குட்டி பெரியம்மா."

"நாயோ!" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். நான் குட்டியை உமலிலிருந்து எடுத்துக் காட்டக்கூட அவர் நிற்கவில்லை.

மாமா அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினார். துடைத்து, நெற்றியில் திருநீறு பூசினார். குட்டி தும்மியது. மாமா சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குப் பெயர் வைக்கவில்லை. குட்டி என்றே இருந்துவிட்டது.

நாய் பழக்குவது என்றால் நெடுந்தீவில் எங்களுக்கு ஒரு வழிதான் தெரியும்: சோறு போடுவது, பிழை செய்தால் தடியை எடுப்பது. மாமாவின் வழி வேறு. குட்டி முதல் நாளே சாமியறை வாசலில் மூத்திரம் பெய்தது. நான் விளக்குமாற்றை எடுத்தேன். மாமா என் கையைப் பிடித்து விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டு, தானே தண்ணீர் வார்த்துக் கழுவினார். அதன் பிறகு குட்டி நித்திரை விட்டு எழும்பும் நேரமெல்லாம், சாப்பிட்டு முடித்த நேரமெல்லாம், தூக்கிக்கொண்டு போய் வளவு மூலையில் ஒரு வடலிப் பனையடியில் விட்டு, முடியும்வரை பக்கத்தில் நின்றார். கோயில் மனேச்சர், வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, வடலியடியில் நாய்க்குக் காவல். தெருவால் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. அந்த வெட்கத்தையும் சேர்த்து நான்தான் பட்டேன்.

சில கிழமைகளில் குட்டி தானாகவே வடலியைத் தேடிப் போனது. என் செருப்பில் ஒன்றைக் கடித்துத் தின்றது. மாமாவின் செருப்பைத் தொடவில்லை. நான் கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் தூக்கும். மாமா கூப்பிட்டால் உருண்டு விழுந்து அவரிடம் ஓடும்.

சாப்பாட்டில்தான் மாமாவின் முழுக் கெட்டித்தனமும். பால் விட்டுப் பிசைந்த சோற்றை உருண்டை உருண்டையாக உருட்டி வைத்துக்கொள்வார். ஓலைத் தட்டுவத்தில் ஒரு உருண்டையை வைத்து, "இரும்," என்பார். குட்டி இருக்க வேண்டும். ஊருக்கே மரியாதை கொடுத்துப் பேசும் மனிதர், நாய்க்கும் அதே மரியாதை. குட்டி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும். கொஞ்ச நேரம் விட்டு, "சாப்பிடும்," என்பார். பிறகுதான் அது வாய் வைக்கும். அடுத்த உருண்டைக்கும் அதே பாடம். சொல் இல்லாமல் ஒரு பருக்கையைத் தொடாது. வந்தவர்களுக்கெல்லாம் இதைச் செய்து காட்டுவார். "மிருகமெண்டாலும் சொன்னால் விளங்கும். எங்கடை வீட்டுச் சாப்பாடு எதெண்டும் அதுக்கு விளங்கும்," என்பார். கோயிலின் மற்றப் பங்குக்காரர் ஒருவர், மாமாவின் சொல்லுக்கெல்லாம் எதிர்ச்சொல் வைத்திருப்பவர், அவரும் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். அன்று மாமாவுக்கு நல்ல சந்தோசம்.

ஆனால் குட்டி வளரவில்லை. வயிறு மட்டும் ஊதியது. விலா எலும்பைத் தொட்டு எண்ணலாம் போல இருந்தது. சொல்லுக்குக் கீழ்ப்படிந்து நாலு வாய் தின்னும், பிறகு பின்பக்கம் போய்ச் சத்தி எடுக்கும். பழைய நாயைப்போல இது வேலிக்கு வெளியே போய் வரவும் வழியில்லை. கெட்டுப்போகும் என்று மாமா படலையைத் தாண்ட விடுவதில்லை. மாமா நெய்யைக் கூட்டினார். பரியாரியாரைக் கூப்பிட்டார். அவர் மாந்தம் என்று சொல்லி வேப்பிலைச் சாறு பருக்கினார். குட்டி இன்னும் மெலிந்தது.

அதற்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியும். நெடுந்தீவில் பிறந்த எவனுக்கும் தெரியும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல என்னால் ஏலவில்லை. மீன் என்ற சொல் அந்த வீட்டுக்குள் என் வாயிலிருந்து வந்தால், அது நாய்க்கு என்று எவர் நம்புவார்? "மாப்பிள்ளைக்கு ஆசை வந்திட்டுது, நாயைச் சாட்டுறார்," என்று பெரியம்மா அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிடுவார். வெறுங்கையோடு பெண் வீட்டில் வந்து இருப்பவனுக்கு அந்த ஒரு பேர்தான் சொத்து. அதைக் காப்பாற்றிக்கொண்டு குட்டி சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றுக்கு உட்காரும்போது அதன் கண் என் பக்கம் திரும்பினால் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

கருவாட்டு அக்கா ஒரு நாள் குட்டியின் சுகம் விசாரித்தார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எடுக்க வேண்டாமெண்டு அண்டைக்கே சொன்னனான் தம்பி. வெறும் பால் சோத்திலை அது தப்பாது. ஒரு பிடி கருவாடு தாறன், கொண்டுபோய்க் குடுங்கோ."

"ஏலாது அக்கா," என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாளும் கேட்டார். அடுத்த நாளும் ஏலாது என்றேன்.

கோயில் கொடியேற்றத்தன்று காலை குட்டி எழும்ப முயன்று விழுந்தது. பின்னங்கால்கள் இரண்டும் பின்னிக்கொண்டன. மாமா அதைத் தூக்கி மடியில் வைத்துத் தடவினார். அன்றைய பூசைக்கு அவர்தான் உபயகாரர், விரதம் வேறு, கோயிலுக்கு நேரமாகிறது. ஆனாலும் எழும்ப மனமில்லாமல் இருந்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்த பிறகும் நான் சும்மா இருந்தால் நான் மனுசனில்லை என்று பட்டது. அந்த மட்டில் நினைத்தது சரிதான். செய்த விதம்தான் இந்த உலகத்தில் வேறு எவனுக்கும் தோன்றாத விதம்.

மத்தியானப் பூசைக்கு வீடு முழுக்கக் கோயிலில் இருக்கும். அந்த நேரம் வந்தால், கருவாட்டை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், பனங்காணிப் பக்கம் குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கால் கை கழுவிக் கோயிலுக்குப் போய்விடலாம். இதுதான் என் திட்டம். கிட்டங்கியில் அரை நாள் லீவு கேட்டேன். அக்காவிடம் ஒரு பெரிய பிடி சூடைக் கருவாடு வாங்கினேன். ஒரு விரல் நீளத்து மீன்கள், காய்ந்து முறுகியவை. பையில் வைத்தால் தெரியும், மடியில் வைத்தால் மணக்கும். குடையைச் சுருக்கி அதன் மடிப்புகளுக்குள் போட்டு, நாடாவால் இறுக்கிக் கட்டினேன். எனக்கே என் புத்தியை மெச்சத் தோன்றியது.

வண்டி மாடு வழியில் நொண்டியது. நான் கோயிலுக்குப் போகும் ஒழுங்கையில் இறங்கும்போது பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. முன்னுக்கு வந்தவர் பெரியம்மா. வெள்ளைச் சேலை, கையில் பிரசாதத் தட்டம், வெறுங்கால். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில்.

"நல்ல நேரம் வந்தீர் தம்பி. மண்டை பிளக்குது. அந்தக் குடையை விரியுமன்."

"குடை பழுது பெரியம்மா. கம்பி உடைஞ்சு போச்சு."

"காலமை விரிச்சுக்கொண்டு போகேக்கை பாத்தனானே. இஞ்சை தாரும், நான் பாக்கிறன்."

கொடுக்காமல் பின்னுக்கு நகர்ந்தேன். ஒரு வயதுபோன விதவைக்குக் குடை கொடுக்காமல் இழுபறிப்படும் மாப்பிள்ளையைச் சனம் நின்று பார்க்கத் தொடங்கியது. அவர் தட்டத்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மற்றக் கையால் குடையைப் பறித்தார். நாடாவை அவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கி விரித்தார்.

முதலில் ஒன்று அவர் தோளில் விழுந்தது. பிறகு மொத்தமும் கொட்டியது. தலையில், சேலையில், பிரசாதத்தின் மேல். ஒன்று கொண்டையில் செருகி நின்றது. அவர் அதைக் கையால் எடுத்துப் பார்த்தார்.

"இதென்ன?"

"கருவாடு பெரியம்மா," என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அந்த நேரத்தில் எனக்கு ஏன் தோன்றியதோ தெரியாது.

"கொடியேத்தத்தண்டு! கோயில் வாசலிலை!"

"நாய்க்கு, பெரியம்மா."

"எந்த நாய்க்கு?"

"எங்கடை குட்டிக்கு."

"சைவ நாய்க்குக் கருவாடோ?" என்றார் பின்னால் நின்ற பங்குக்காரர். பத்துப் பேராவது சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை, தட்டத்தை அப்படியே வேலிக்கு மேலால் கொட்டினார். கொடியேற்றத்தன்று கோயில் ஒழுங்கையில் கருவாடு கிடக்கலாமா? நான் சால்வையை விரித்துப்போட்டு, குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். சனம் என்னைச் சுற்றிக் கால் வைத்து நடந்தது. நிலம் பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. என்னோடு அந்த வீட்டு மானமும் அல்லவா மண்ணில் கிடந்தது.

மாமா வீட்டுக்கு வரும்போது செய்தி அவருக்கு முன்னால் வந்து நின்றது. கொடியேற்றச் சாப்பாட்டுக்கு வந்த சொந்தக்காரர் முற்றம் நிறைய நின்றார்கள். நான் சால்வைப் பொட்டலத்தோடு படலைக்கு வெளியே நின்றேன். அதை உள்ளே கொண்டுவர என்னால் முடியாது, எறியவும் முடியாது. மனைவி குசினி வாசலில் நின்றாள். பெரியம்மா குளித்து, ஈரத் தலையோடு வந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"உண்மையோ தம்பி?" என்று மாமா கேட்டார்.

"குட்டிக்குத்தான் மாமா. நான் தொடுறேல்லை."

பங்குக்காரர்தான் பேசினார். "இதிலை என்ன யோசினை? நாயைக் கொண்டு வந்து முன்னாலை ஒண்டைப் போட்டுப் பாருங்கோவன். திண்டால் மருமகன் சொன்னது மெய். தின்னாட்டில் நீங்கள் இவ்வளவு நாளும் சொன்னது மெய்."

சொல்லிவிட்டு அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். எப்படிப் போனாலும் அவருக்கு விருந்து. தின்றால் மாமாவின் பெருமை போகும். தின்னாவிட்டால் என் பேர் போகும், என்னோடு அந்த வீட்டுப் பெண்ணின் வாழ்க்கைக்கும் ஒரு சொல் வந்துவிடும்.

மாமா உள்ளே போய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். படலையைத் தாண்டி, ஒழுங்கையில், அதை மெல்ல மணலில் இறக்கினார். அவர் விரலில் பூசைக்குக் கட்டிய தருப்பை இன்னும் இருந்தது. நான் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கருவாட்டை எடுத்து அதன் முன்னால் வைத்தேன்.

குட்டிக்கு உடம்பு முழுக்க நடுங்கியது. மூக்கு துடித்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்து மணலில் விழுந்தது. ஆனால் அது குனியவில்லை. தலையைத் தூக்கி மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"பாத்தியளே!" என்றார் பெரியம்மா. "மணந்தும் பாக்கேல்லை!"

அந்த எச்சில் எல்லார் கண்ணிலும்தான் பட்டது. மாமாவின் சோற்றுப் பாடத்தை வந்து பார்த்தவர்களுக்கும் அந்த நேரம் அது நினைவில் வரவில்லை; அது எதற்குக் காத்திருக்கிறது என்று விளங்கியவர்கள் மூன்று பேர்தான்: மாமா, மனைவி, நான். மாமா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஊர் முழுக்க அவர் நாய் சைவ நாய். நான் சொல்லியிருக்கலாம்தான், "நீங்கள் சொன்னால்தானே தின்னும் மாமா," என்று. அதைக்கூட நான் சொல்லவில்லை. மனைவி எங்களுக்குப் பின்னால் படலையில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை; தகப்பனைப் பார்த்தாள்.

மாமா குட்டியைப் பார்த்தார். பிறகு, தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"சாப்பிடும்."

குட்டி தலையோடு கடித்தது. முறுமுறு என்ற சத்தம் அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. என் பேர் தப்பியது. நெஞ்சுக்குள் ஒரு பெரிய சந்தோசம் பொங்கி வந்தது. அந்தச் சந்தோசத்தில்தான் நான் கெட்டேன். பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டே அடுத்த கருவாட்டை எடுத்து வைத்தேன். குட்டி மறுபடியும் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தது. அவர் மறுபடியும் சொன்னார். இன்னொன்று வைத்தேன். மறுபடியும் சொன்னார். நான் வைக்க வைக்க, அத்தனை சொந்தக்காரருக்கும் முன்னால், திருநீறு வேர்வையில் கரைந்து வடிய, அந்த மனிதர் தன் வாயாலேயே ஒவ்வொன்றுக்கும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது. நான் நிறுத்தவில்லை. பெரியம்மா நன்றாகப் பார்க்கட்டும் என்று வைத்துக்கொண்டே இருந்தேன்.

மனைவி வந்து சால்வையை என் கையிலிருந்து பிடுங்கினாள். கருவாட்டைத் தொட்டறியாத கை அது.

"உங்கடை பேரைக் காப்பாத்த ஒரு கருவாடு போதாதோ?" என்றாள்.

அதன் பிறகு குட்டி தேறியது. மாமா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "வரேக்கை குட்டிக்குக் கொஞ்சம் கொண்டு வாரும். ஒளிச்சுக் கொண்டு வராதையும்," என்றார். வந்தவர்களுக்கு நாயைக் காட்டுவதை விட்டுவிட்டார். ஆனால் நான் படலைக்கு வெளியே கருவாட்டை வைத்தால், என் சொல்லுக்கு அது தின்னாது. ஒவ்வொரு மாலையும் மாமா சால்வையைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்கு வந்து நின்று சொல்ல வேண்டும். தெருவால் போகிறவர்கள் நடையைத் தளர்த்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு உடம்பு கூசும். இந்தத் தலைகுனிவிலிருந்தாவது அவரை விடுவிக்க வேண்டும் என்று நினைத்து, என் சொல்லுக்கு அதைப் பழக்கத் தொடங்கினேன். அவர் வருமுன் கொஞ்சம் முந்தி வந்து, கையில் வைத்து நீட்டி, திரும்பத் திரும்பச் சொல்வேன். அது படலையைப் பார்க்கும். நான் பொறுத்திருப்பேன். வாழ்க்கையில் வேறு எதற்கும் அவ்வளவு பொறுத்ததில்லை. மழைக்காலம் தொடங்கும் அளவில் ஒரு நாள் அது என் முகத்தைப் பார்த்தது, சொன்னேன், தின்றது.

சந்தோசத்தில் உள்ளே ஓடினேன். மாமா சால்வையைப் போட்டுக்கொண்டு கதிரையில் ஆயத்தமாக இருந்தார்.

"திண்டிட்டுது மாமா. இனி நீங்கள் ஒழுங்கைக்கு வரத் தேவையில்லை."

"அப்பிடியோ," என்றார். பிறகு சால்வையை எடுத்து மடித்துக் கொடியில் போட்டார். தினமும் அந்த ஒழுங்கை நேரத்துக்காகத்தான் அவர் காத்திருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

குட்டி என் பின்னால் உள்ளே வந்தது. மாமா கையை நீட்டி, "வாரும்," என்று கூப்பிட்டார். அது அவரிடம் போகாமல் நின்று, என் முகத்தைப் பார்த்தது. நான் குனிந்து, காலில் இல்லாத செருப்பைக் கழற்றுவதுபோல ஏதோ செய்துகொண்டிருந்தேன்.